கோயிலில் பிரித்த கல்லூரி இடம்

எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனதற்கு என் மதிப்பெண் காரணம் இல்லை. படிப்பு ஏறாததும் காரணம் இல்லை. என் சொந்தக்காரர்கள்தான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ரப்பர் தோட்டம் மலேசியாவில், ஈப்போ நகரத்துக்கு வடக்கே செமோருக்கு உள்ளே இருந்தது. அதைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள் எல்லாரும் ஈப்போவுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அப்பா குப்பை லாரியில் போனார். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்த பிறகு மாரியம்மன் கோயிலும் அதை ஒட்டிய மண்டபமும் மட்டும் மிஞ்சின. வெள்ளிக்கிழமை ஆனால் எங்கெங்கோ குடிபோனவர்கள் எல்லாரும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அங்கே வந்துவிடுவார்கள்.

கோயில் தலைவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பியவர். தோட்டமே போன பிறகும் அவர் மண்டோராகத்தான் இருந்தார். எங்களுக்குக் குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்தது அவர். அதனால் அவர் எதிரில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாமாவின் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு ஈப்போவில் வேறு வேறு பள்ளிகளில், கல்லூரிக்கு முந்திய படிப்பான ஆறாம் படிவம் படித்தோம். முறைக்கு அவன் எனக்கு மச்சான். பிறந்ததிலிருந்தே அவனுக்கு நான் என்று பேச்சு. நான் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எனக்கு வேண்டியது தலைநகரில் இருந்த அந்தக் கல்லூரி. அவனுக்கும் அதுதான் வேண்டும் என்றான். நான் சொல்லித்தான் அப்படி ஒரு கல்லூரி இருப்பதே அவனுக்குத் தெரியும்.

அந்தக் கல்லூரியில் எடுத்துக்கொள்வது கொஞ்சம் பேரைத்தான். மதிப்பெண்ணை வைத்து ஒரு பகுதியைக் கழிப்பார்கள். மீதிப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். எங்கள் பௌதிக ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர், ஈவு இரக்கம் இல்லாமல் பேசுவார். "கணக்குப் போடுற பிள்ளையள் ஆயிரம் பேர் இருக்கினம். நீ கையால என்ன செய்தனி எண்டு கேப்பினம். என்ன சொல்லுவாய்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ள ஆறாம் படிவத்தின் இரண்டு வருடத்தையும் செலவழித்தேன். முதலுதவிப் படையில் சேர்ந்தேன். மலாய் பேச்சுப் போட்டியில் பேசினேன். தலைப்பு கிடைத்த இரவெல்லாம் வாய்க்குள்ளேயே பேசிப் பார்ப்பேன். அதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் செய்யாத ஒன்றும் செய்தேன். ஈப்போவில் ஈயச் சுரங்கங்களுக்குப் பம்ப்புப் பாகம் வார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறைக்கு அங்கே வேலை கேட்டுப் போனேன். சீன முதலாளி, தவுக்கே, என்னை மேலும் கீழும் பார்த்து, இது பொம்பளை வேலை இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் காப்பியைக் குடித்தார். மறுநாளும் போய் நின்றேன். அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில் எரிச்சலில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து மணலைக் கூட்டச் சொன்னார்.

மணல் கூட்டினேன். பிறகு அளவு எடுக்கவும், பாகங்களைப் படமாக வரையவும் விட்டார்கள். சுரங்கத்தில் சரளையும் தண்ணீரும் சேர்ந்து பம்ப்புக்குள் ஓடும். உள்ளே பதித்திருக்கும் இரும்புத் தகட்டை அது அரம் மாதிரி அரித்துவிடும். தேய்ந்த தகடுகள் பட்டறை வாசலில் குவிந்து கிடக்கும். எல்லாத் தகடும் ஒரே பக்கம்தான் தேய்ந்திருந்தது. மறுபக்கம் புதிதாகவே இருந்தது. போல்ட்டுத் துளைகளை இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் தகட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை ஓட்டலாமே என்று தோன்றியது. வரைந்து காட்டினேன். தவுக்கே படத்தை வாங்கி மேசைக்குள் வைத்தார். அடுத்த விடுமுறைக்குப் போனபோது அந்தத் தகடு ஒரு சுரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

கையால் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல எனக்கு இப்போது ஒன்று இருந்தது.

தேர்வு முடிவு வந்தது. விண்ணப்பம் போட்டோம். விலாசம் இரண்டு பேருக்கும் பழைய தோட்டத்துக் கோயில்தான், எல்லார் கடிதமும் அங்கேதான் வரும். எனக்கும் மச்சானுக்கும் ஒரே நாளில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அம்மா கோயிலுக்குப் பால் கொடுத்தாள். நான் என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாமா யாரையும் கலைய விடவில்லை. மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்பா தூணோரம் நின்றார்.

"ரெண்டு பேருக்கும் கூப்பிட்டு வந்திருக்கு, சந்தோசம்," என்றார் மாமா. "ஆனா ஒரே தோட்டத்து விலாசம். ரெண்டு பேரும் போயி நின்னா என்னா நெனப்பான்? இந்தக் கூட்டம் பேராசைக் கூட்டம்னு ரெண்டையும் தள்ளிருவான். நான் ஸ்டோர்ல பார்த்திருக்கேன். ஒரே வீட்டுலருந்து ரெண்டு பேரு வேலை கேட்டா தொர ரெண்டு பேருக்கும் குடுக்க மாட்டான்."

ஸ்டோர் என்றால் ரப்பர் பாலை உறையவைக்கும் தோட்டத்துத் தொழிற்சாலை. அங்கே வேலைக்கு ஆள் எடுத்த மாதிரிதான் தலைநகரத்துக் கல்லூரியும் ஆள் எடுக்கும் என்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். வேறு எதையும் அவர்கள் கண்டதில்லை. ஆள் பிரிப்பது மண்டோர் வேலை. மண்டோர் பிரித்தார்.

"இந்த வருசம் பையன் போவட்டும். அடுத்த வருசம் புள்ள போவட்டும். அவன் உள்ள இருந்தா இவளுக்கும் வழி சுளுவாயிரும்."

"அப்ப நான் இந்த வருசம் போறேன் மாமா. அவன் அடுத்த வருசம் வரட்டும்," என்றேன்.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா சிரித்தாள். "ஏன்டி, அவன் இஞ்சினியரானா நீ இஞ்சினியர் பொண்டாட்டிலா. ஒரு வீட்டுக்கு எத்தன இஞ்சினியரு?"

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெற்றிலையில் கற்பூரம் வைத்து ஏற்றச் சொன்னார்.

தோட்டத்தில் கோழி களவு போனாலும், வேலித் தகராறு வந்தாலும், யாராவது யார் பெண்டாட்டியையோ பேசிவிட்டாலும் கடைசியில் இதுதான். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் போலீசும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கற்பூரத்தை அடித்தார். "என் மக இந்த வருசம் போவாது," என்றார். மாமா அடித்து, "அடுத்த வருசம் இவதான். என் மருமகளும் இவதான்," என்றார். மச்சானும் அடித்தான். "இவளுக்கு எடம் கெடைக்கிற வரைக்கும் நான் கூட நின்னு செய்வேன்."

என்னை யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

நான் போகத்தான் இருந்தேன். பஸ்ஸுக்குத் தனியாக எழுந்து போகத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் வீட்டுக்குப் போனதும் அம்மா என் அடையாள அட்டையை எடுத்துத் தன் சேலை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த ஐசி இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குள் விட மாட்டார்கள். நான் கத்தினேன். தட்டை எறிந்தேன். "சத்தியத்த மீறுனா உங்கப்பாவுக்குக் கண்ணு போயிரும்டி," என்று அழுதாளே தவிர முடிச்சை அவிழ்க்கவில்லை. தூங்கும்போதும் குளிக்கும்போதும் அது அவளிடமே இருந்தது.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. மாமா வந்து, பையனுக்குச் சொல்லிக் கொடு என்றார். "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவன் தேறுனாத்தானே ஒனக்கும் நல்லது." மண்டபத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். என்ன கேட்பார்கள், எப்படி உட்கார வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்ல வேண்டும். பம்ப்பு எப்படி ஓடுகிறது என்று கேட்டான். அதையும் சொன்னேன். தகட்டுக் கதையையும் சொன்னேன், படம் போட்டு. அவன் பட்டறை வாசலைக்கூட மிதித்தவன் இல்லை.

அவன் போய்விட்டு வந்த மறுநாள் மாமா வீட்டு முற்றத்தில் எல்லாருக்கும் சிரப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். மச்சான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கதை சொல்ல வரும்.

"மூணு பேரு உக்காந்திருந்தானுங்க. நடுவுல ஒரு வெள்ளக்காரன். நீ கையால என்ன செஞ்சேன்னு கேட்டான் பாரு. எடுத்து வுட்டேன், அந்தத் தகட்டுக் கதைய! போல்ட்டு ஓட்டைய இப்படி வச்சேன், அப்படித் திருப்புனேன்னு. வெள்ளக்காரன் எழுந்திரிச்சு வந்து என் படத்தப் பார்க்கிறான்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். "அது நான் செஞ்சதுடா."

"நீ வேற நான் வேறயா? கோச்சிக்காத புள்ள. எந்தப் பட்டறைன்னு கேட்டான், ஒன் தவுக்கே பேரத்தான் சொன்னேன்."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, கேட்டாங்க. வெளிய இருக்கிற கிராணி ஒன் பேர மூணு தடவ கூப்பிட்டான். யாரும் வரல. ஒரே விலாசமா இருக்கே, இந்தப் பொண்ணு எங்கேன்னு என்னைக் கேட்டான். கல்யாணம் ஆவப்போவுது, படிக்க வராது, வேணாம்னு சொல்லிருச்சுன்னேன்." கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "அதுல பாதி உண்மைதானே?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதை நான் மறக்க மாட்டேன். என் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், அப்பா சிரப்புத் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அவனுக்கு இடம் கிடைத்தது. ஊரே பஸ் நிலையத்துக்குப் போய் மாலை போட்டு அனுப்பியது. பௌதிக ஆசிரியை என்னைக் கடைத்தெருவில் பார்த்து, ஏன் போகவில்லை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "கோயில்ல வச்சே கல்லூரி இடத்தைப் பிரிக்கிறியள் நீங்கள்?" என்றார். "உங்கட ஆக்களைத் திருத்தேலாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். உங்கள் ஆட்கள் என்றாரே, அதற்காக.

ஒரு வருடம் பட்டறையில் முழு நேரமும் வேலை செய்தேன். விண்ணப்பத்துக்கு இன்னும் பலம் சேரட்டும் என்று ஒரு பம்ப்பு முழுவதையும் பாகம் பாகமாக வரைந்து வைத்தேன். மாலையில் தொழிற்கல்வி வகுப்பில் படம் வரையும் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். போன வருடத்தைவிட நான் நல்ல ஆளாகத்தான் இருந்தேன். விண்ணப்பம் போட்டேன். அழைப்பு வரவில்லை.

மாமாவிடம் கேட்டேன். "அடுத்த வருசம் பார்ப்போம்" என்றார், கோயில் திருவிழாத் தேதியைத் தள்ளி வைப்பது மாதிரி.

இந்தத் தடவை என் ஐசி என்னிடம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை பஸ் ஏறித் தலைநகருக்குப் போனேன். கல்லூரி அலுவலகத்தில் ஒரு மலாய் அம்மா இருந்தார். பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய்விட்டு வந்து, "நீதான் போன வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயே. அப்படிச் சொன்னவர்களை நாங்கள் மறுபடி கூப்பிடுவதில்லை," என்றார்.

"நான் சொல்லவில்லை. வேறு ஒருவன் சொன்னான். எனக்குக் கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை."

அவர் என் மோதிரம் இல்லாத விரலைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வந்தார். "யார் சொன்னார்களோ அவர் வந்து தான் தவறாகச் சொல்லிவிட்டதாகச் சொல்லட்டும். இந்த வருட நேர்முகத் தேர்வு இன்னும் முடியவில்லை. உன்னைச் சேர்க்கப் பார்க்கிறோம்." மலாயில் அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

அவன் விடுதி அதே வளாகத்தில்தான். கேண்டினில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எங்க ஊர்ப் பொண்ணு," என்றான் கூட்டாளிகளிடம்.

அவர்களில் இரண்டு பேர் முகம் ஒரே மாதிரி இருந்தது. ஒருவன் மரியாதையாக, "நாங்களும் எஸ்டேட்டுதான் அக்கா. தெலுக் இந்தான் பக்கம். இவன் என் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இண்டர்வியூ வந்தோம், ஒண்ணாத்தான் எடுத்தாங்க," என்றான்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஆக, அவனுக்கு இது தெரியும். ஒரு வருடமாக அவர்களோடு ஒரே மேசையில் சோறு தின்கிறான்.

வெளியே கூட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். "இப்ப வா. ஆபீஸ்ல அந்தம்மா இருக்காங்க. நீ சொன்னது பொய்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"நான் பொய் சொன்னேன்னு நானே போயிச் சொல்லவா? அப்புறம் வேற என்னா பொய் சொன்னேன்னு நோண்ட மாட்டானா? அந்தத் தகட்டு விசயம் வரும். என் சீட்டு போயிரும்லா."

"கற்பூரத்த அடிச்சியேடா. கூட நின்னு செய்வேன்னு."

"அது ஊருல. இது வேற." கொஞ்சம் தணிந்த குரலில், "நான் முடிச்சிட்டு வந்து ஒன்ன நல்லா வச்சிக்குவேன். ஒனக்கு எதுக்கு இந்த இரும்புக் கச்சடா?" என்றான்.

அவனை அறைந்திருக்கலாம். கேண்டின் வாசலில் தெலுக் இந்தான் சகோதரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அலுவலகத்துக்குத் திரும்பிப் போனேன். அந்த அம்மா எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "நான் என்ன செய்ய?" என்றார்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். "ஒங்க மாமாகிட்ட பேசுறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். போய் என்ன பேசினார் தெரியுமா? அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மாமா தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்து அப்பாவைக் கை காட்டினார்.

"புள்ள மனசு ஒடஞ்சி போயிருக்குன்னு மாப்ள சொன்னாரு. அதான், பையன் படிச்சி முடிக்கிறவரைக்கும் காத்திருக்க வேணாம், நிச்சயத்த இப்பவே பண்ணிருவோம்."

நான் கல்லூரி போச்சே என்று போய் நின்றேன். இவர்கள் எனக்கு மாப்பிள்ளை கைவிட்டுப் போகிறானோ என்ற பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பா தூணோரம் நின்றுகொண்டு தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகத் தெரிந்தது. எனக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரிதான் நின்றார்.

"எனக்கு அவன் வேணாம்," என்றேன்.

"என்னாடி பேசுற?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அவன் வேணாம். ஒங்க சத்தியமும் வேணாம். எனக்கு அந்தக் காலேஜு வேணும். அத வாங்கிக் குடுக்க முடியுமா மாமா ஒங்களால? முடியாதுல்ல? அப்பத் தட்ட எடுத்துட்டுப் போங்க."

மாமா தட்டை எடுக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரே கசமுசா. யாரோ, "பட்டறையில சீனங்களோட பழகி வாய் நீண்டு போச்சு," என்றார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கல்லூரிக்கு நான் விண்ணப்பம் போடவில்லை. போட்டாலும் கூப்பிட மாட்டார்கள். பட்டறையிலேயே படம் வரைபவளாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் மூடியபோது பட்டறையும் மூடியது. நான் வேறு தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே இஞ்சினியர்கள் கொடுக்கும் படத்தைச் சரிபார்ப்பது என் வேலை. கையெழுத்து அவர்களுடையது.

மச்சான் படிப்பை முடித்து வேறு பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அம்மா மட்டும் போனாள். அங்கே எல்லாரும் அம்மாவைத்தான் பாவம் பார்த்தார்களாம்.

அப்பாவோடு நான் வெகுநாள் சரியாகப் பேசவில்லை. கடைசிக் காலத்தில் ஒருநாள், "அப்பவே அவனக் கட்டியிருந்தா நல்லா இருந்திருப்ப," என்றார். என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போய்ச் சேர்ந்தார்.

செமோர் பக்கம் இப்போதும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். சாவு, கல்யாணம் என்றால் போகத்தான் வேண்டியிருக்கிறது. என்னைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வயதான பெண்கள் தணிந்த குரலில் அடையாளம் சொல்வார்கள். சபையில் வைத்து மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவள், கோயிலில் கொடுத்த வாக்கை மீறியவள் என்று. கல்லூரியைப் பற்றி ஒருத்தியும் சொல்ல மாட்டாள். அவர்கள் மறைக்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே அவர்களுக்கு நினைவில் இல்லை.